எங்கே அமைப்பது? மதுரை நகரும் சுற்றுச் சிற்றூர்களும் கணித வழியில்

ஓர் ஊராட்சிக்குப் புதிதாக ஒரு பள்ளிக் கட்டடமோ, பால் கொள்முதல் நிலையமோ, நியாயவிலைக் கடையோ ஒதுக்கப்பெற்றவுடன் எழும் முதல் வினா, அதனை எந்த இடத்தில் அமைப்பது என்பதேயாகும். தொகை எவ்வளவு என்னும் வினா கோப்பிலேயே தீர்ந்துவிடும். இடம் எது என்னும் வினாவோ ஊரில்தான் தீர்ந்தாக வேண்டும். தாய்க்கிராமத்தார் தம் சாவடியருகே வேண்டும் என்பர். குக்கிராமத்தார் இதுகாறும் தமக்கு ஒன்றுமே வந்ததில்லை என்பர். நிலம் கொடையாகத் தர முன்வருபவர், தம் தோட்டத்தில் எதற்கும் உதவாத மூலையைக் காட்டுவார். இவ்வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பதிலேயே வட்டார வளர்ச்சி அலுவலரின் பணிநாள்களில் ஒரு பெரும்பகுதி கழிகின்றது.

இவ்வினா சிற்றூருக்கு மட்டும் உரியதன்று. பேருந்து நிலையம் எங்கே, சந்தை எங்கே, குப்பை கொட்டுமிடம் எங்கே, குடிநீர்த் தொட்டி எங்கே என்று மதுரை போன்ற மாநகரும் இதே வினாவைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றது. நகரம் அளிக்கும் விடையோ சுற்றியுள்ள சிற்றூர்களைத் தொடாமல் நிற்பதில்லை. 2011-ஆம் ஆண்டில் மூன்று நகராட்சிகளும், மூன்று பேரூராட்சிகளும், பதினொரு ஊராட்சிகளும் மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பெற்றன. வட்டங்கள் 72-லிருந்து 100 ஆயின. பரப்பு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிந்தது. நேற்றுவரை வயலும் வரப்புமாக இருந்த இடத்தில் இன்று நகர அமைப்புப் படம் விரிக்கப்படுகின்றது. ஆகவே, அப்படம் எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்பதை ஊர்ப்புறத்தில் பணியாற்றும் நாமும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

இதற்கெனவே கணிதத்தில் ஒரு தனிப் பிரிவு வளர்ந்துள்ளது. அதனை உகப்புநிலைக் கணிதம் என்பர். செலவு, தொலைவு, நேரம் ஆகியவற்றுள் ஒன்றை இயன்ற அளவு குறைப்பதற்கு, அல்லது பயனை இயன்ற அளவு பெருக்குவதற்கு வழி காண்பதே அதன் வேலை. பெயர் புதிதாயினும் பொருள் பழையது. மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அரிசி இவ்வளவுக்குக் குறையலாகாது, பிள்ளைகளுக்குப் பால் நிறுத்தலாகாது, கடன் தவணை தவறலாகாது என்று எண்ணி, எஞ்சியதில் மிகுதியான நன்மையைத் தேடும் இல்லத்தரசி செய்வதும் இதுவே. அவர் மனத்தில் குறைக்கவோ கூட்டவோ விரும்பும் ஒன்று இருக்கின்றது. அதனைக் கணிதர் குறிக்கோள் என்பர். மீறலாகாத வரம்புகள் சில இருக்கின்றன; அவற்றைக் கட்டுப்பாடுகள் என்பர். இவ்விரு சொற்களும் விளங்கிவிட்டால், கணக்கின் உட்பொருளில் பாதி விளங்கியதாகும்.

இக்கணிதத்தின் தொடக்க நூல்களுள் ஒன்று நம்மவர்க்கு மிகவும் பழக்கமான ஒரு வேலையைப் பற்றியது. 1781-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கணிதர் காஸ்பார் மோன்ழ், வெட்டிய மண்ணை நிரப்ப வேண்டிய இடங்களுக்குக் கொண்டுசேர்க்கையில் மொத்தச் சுமைகூலி மிகக் குறைவாக இருக்க எந்தக் குழி மண்ணை எந்த மேட்டுக்கு அனுப்புவது என ஆராய்ந்தார். கண்மாய் தூர்வாரிக் கரை உயர்த்தும்போது, எந்தப் பக்க மண் எந்தக் கரைக்கு என்று நம் பணி மேற்பார்வையாளர் நாள்தோறும் முடிவு செய்வது அதே கணக்குத்தான். பின்னர் 1939-இல் சோவியத் நாட்டின் லியனித் கன்டரோவிச், ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றின் இயந்திரங்களுக்கு வேலையைப் பகிர்ந்தளிக்கும் முறையை ஆராய்ந்து, நேரியல் திட்டமிடல் என்னும் முறைக்கு அடிகோலினார். 1947-இல் அமெரிக்கரான ஜார்ஜ் டான்சிக், இத்தகைய கணக்குகளைப் படிப்படியாகத் தீர்க்கும் பொது வழி ஒன்றை வகுத்தளித்தார். நம் நாட்டில் பேராசிரியர் மகலனோபிஸ் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்குக் கணித அடிப்படை அமைத்த காலமும் இதனை அடுத்ததே.

பொது அறிவுக்கு ஏற்றதாகத் தோன்றும் வழி எப்போதும் சிக்கனமான வழியாகிவிடாது என்பதற்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்தின் பொருட்டுக் கற்பித்தவை. மேலூர் ஊரில் ஒரு கிடங்கும் வாடிப்பட்டியில் ஒரு கிடங்கும் இருப்பதாகக் கொள்க. மேலூரில் 80 மூட்டை அரிசியும், வாடிப்பட்டியில் 60 மூட்டையும் உள்ளன. முதற்கடைக்கு 90 மூட்டையும், இரண்டாம் கடைக்கு 50 மூட்டையும் வேண்டும். மேலூரிலிருந்து முதற்கடைக்கு மூட்டைக்கு 10 ரூபாய், இரண்டாம் கடைக்கு 20 ரூபாய் கூலி. வாடிப்பட்டியிலிருந்து முதற்கடைக்கு 15 ரூபாய், இரண்டாம் கடைக்கு 40 ரூபாய்.

மிகக் குறைந்த கூலி 10 ரூபாய் என்பதால், மேலூரின் 80 மூட்டையையும் முதற்கடைக்கே அனுப்பிவிடுவோம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அவ்வாறு செய்தால், வாடிப்பட்டியிலிருந்து 10 மூட்டை முதற்கடைக்கும், 50 மூட்டை இரண்டாம் கடைக்கும் போக வேண்டும். மொத்தக் கூலி 800-உம் 150-உம் 2,000-உம் சேர்ந்து 2,950 ரூபாய். இப்போது மாற்றிப் பாருங்கள். மேலூரிலிருந்து இரண்டாம் கடைக்கு 50 மூட்டை, முதற்கடைக்கு 30 மூட்டை. வாடிப்பட்டியின் 60 மூட்டையும் முதற்கடைக்கே. கூலி 1,000-உம் 300-உம் 900-உம் சேர்ந்து 2,200 ரூபாய். அரிசி அதே, கடைகளும் அவையே, 750 ரூபாய் மிச்சம். தொடக்கத்தில் மலிவாகத் தெரிந்த வழி, கடைசி ஐம்பது மூட்டையை மிக விலையுயர்ந்த பாதையில் தள்ளிவிட்டது.

இரண்டு கிடங்கும் இரண்டு கடையும் ஆனால் தாளில் தீர்த்துவிடலாம். நாடு முழுவதற்கும் ஆனால் கணினி வேண்டும். பொதுவிநியோகத் திட்டத்தின் கிடங்குகளையும் நியாயவிலைக் கடைகளையும் இணைக்கும் பாதைகளை இம்முறையில் சீரமைக்க, மைய அரசின் உணவு, பொதுவிநியோகத் துறை உலக உணவுத் திட்டத்துடனும் டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துடனும் சேர்ந்து ‘அன்ன சக்ரா’ என்னும் கருவியை உருவாக்கி, 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஒரு புதுக் கட்டடமும் எழுப்பாமல், எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்பதை மாற்றுவதாலேயே வரும் மிச்சம் இது. எனக்கு இக்கணிதத்தின் மேல் மதிப்பு ஏற்பட்டதற்குக் காரணமும் அதுவே.

குப்பை வண்டிகளின் கணக்கு இதனினும் கடினமானது. ஒரு வண்டி பத்து இடங்களுக்குச் சென்று திரும்ப வேண்டுமானால், அப்பத்தையும் வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் உண்டு. பதினைந்து இடங்களானால் வழிகளின் எண்ணிக்கை ஒரு லட்சம் கோடியையும் கடந்துவிடும். இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தல் எவர்க்கும் இயலாது. 1959-இல் டான்சிக் அவர்களும் ராம்சர் என்பவரும் எண்ணெய் வண்டிகளை நிலையங்களுக்கு அனுப்பும் முறையை ஆராய்ந்தது முதல், முற்றிலும் சிறந்த வழி கிடைக்காவிடினும் அதற்கு மிக நெருங்கிய வழியை விரைவில் காணும் முறைகள் பெருகியுள்ளன. நூறு வட்டங்களின் குப்பையை நகரின் தென்புறத்து வெள்ளைக்கல்லுக்குக் கொண்டுசெல்லும் மதுரை போன்ற நகருக்கு இதன் பயனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, இடம் தேர்தலுக்கு வருவோம். ஊராட்சிப் பணிக்கு மிகவும் நெருங்கியது இப்பகுதியே.

ஒரே சாலையோரத்தில் நான்கு குடியிருப்புகள் இருப்பதாகக் கொள்வோம். முதற்குடியிருப்பில் 120 குடும்பங்கள். அங்கிருந்து 2 கிலோமீட்டரில் உள்ள இரண்டாவதில் 40, மூன்றாம் கிலோமீட்டரில் உள்ள மூன்றாவதில் 50, ஏழாம் கிலோமீட்டரில் உள்ள நான்காவதில் 60. ஆக 270 குடும்பங்கள். ஒரு பால் கொள்முதல் நிலையத்தை எங்கே வைப்பது? எல்லாக் குடும்பங்களின் நடையையும் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைய வேண்டும் என்பது குறிக்கோளாயின், விடை காண்பது மிக எளிது. ஒரு முனையிலிருந்து குடும்பங்களை எண்ணிக்கொண்டே வருக. எந்தக் குடியிருப்பில் மொத்தத்தின் பாதியாகிய 135-ஐக் கடக்கின்றீர்களோ அதுவே இடம். முதலாவதில் 120; இரண்டாவதில் 160. எனவே இரண்டாம் குடியிருப்பு. அங்கே வைத்தால் மொத்த நடை 590 குடும்பக் கிலோமீட்டர். முதற்குடியிருப்பில் வைத்தால் 650, மூன்றாவதில் வைத்தால் 640. பெருங்கூட்டம் முதற்குடியிருப்பில் இருந்தும் நிலையம் அங்கே போகவில்லை என்பதை நோக்குக.

இவ்விடைக்குள் ஒரு முள் மறைந்துள்ளது. நான்காம் குடியிருப்பு ஏழாம் கிலோமீட்டரில் இல்லாமல் பத்தாம் கிலோமீட்டரில் இருந்தால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள், பாதியைக் கடக்கும் இடம் மாறுவதில்லை. நிலையம் இரண்டாம் குடியிருப்பிலேயே நிற்கும். கடைக்கோடிக் குடும்பம் பால் பாத்திரத்துடன் 5 கிலோமீட்டர் நடந்தாலும் சரி, 8 கிலோமீட்டர் நடந்தாலும் சரி, கணக்கு அசையாது. மொத்தத்தைக் குறைக்கும் குறிக்கோளுக்குத் தொலைவில் இருப்பவரின் குரல் அவ்வளவே கேட்கும்.

குறிக்கோளை மாற்றிக்கொள்ளலாம். மிகத் தொலைவில் உள்ளவரின் நடை இயன்ற அளவு குறைய வேண்டும் என்று கூறினால், இடம் இரு முனைகளுக்கும் நடுவே, அதாவது மூன்றரைக் கிலோமீட்டரில் அமையும். அப்போது எவரும் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியதில்லை. ஆயின் மொத்த நடை 590-லிருந்து 715 ஆகிவிடும். 120 குடும்பங்கள் கொண்ட முதற்குடியிருப்பு இதனை எளிதில் ஒப்பாது. இரு விடைகளும் கணித நோக்கில் குற்றமற்றவை. எதனை ஏற்பது என்பதைக் கணிதம் சொல்லாது. அது சொல்வதாக எவரேனும் கூறினால், தம் விருப்பத்தைக் கணக்கின் பின்னே ஒளித்துப் பேசுகின்றார் என்று கொள்ளலாம்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நம் மாநிலத்தின் நற்பணிகள் பல அவ்வழியில் நடந்தவை. குறித்த தொலைவுக்குள் அனைவரும் அடங்க வேண்டும் என்று முதலில் வரையறுத்துவிட்டு, அதற்கு எத்தனை நிலையங்கள் தேவை என்று கேட்பது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மைல் நடைக்குள் தொடக்கப்பள்ளி என்று வகுக்கப்பெற்ற நோக்கம் இவ்வகையைச் சேர்ந்தது. பிற்காலத்தில் கணிதர் இதனைப் போர்வைக் கணக்கு என்ற பொருள்படும் பெயரால் ஆராய்ந்தனர். கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ், தொடக்கப்பள்ளிக்கு 1 கிலோமீட்டர், நடுநிலை வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டர் என்னும் விதி இன்றும் அவ்வழியிலேயே செல்கின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தொலைவன்றி மக்கள்தொகையே அளவுகோல். சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று. மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. துணை நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒன்று. மலையில் வாழ்வோரின் நடை கடினம் என்னும் இரக்கத்தை எண்ணாக மாற்றி எழுதிய விதி இது.

குடியிருப்புகள் ஒரே சாலையில் இல்லாமல் பல திசைகளிலும் சிதறிக் கிடந்தால், பாதி எண்ணும் வழி உதவாது. அதற்கு எழுத்தறிவும் வேண்டாத ஓர் இயற்கைக் கருவி உண்டு. ஊர்ப்படத்தை ஒரு பலகையின் மேல் ஒட்டி, குடியிருப்பு ஒவ்வொன்றும் உள்ள இடத்தில் ஒரு துளையிடுக. ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு கயிற்றை விட்டு, மேலே எல்லாக் கயிறுகளையும் ஒரே முடிச்சாகக் கட்டுக. கீழே, அந்தந்தக் குடியிருப்பின் குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற எடையைத் தொங்கவிடுக. முடிச்சு அசைந்தசைந்து ஓரிடத்தில் நிற்கும். உராய்வு மிகாமல் இருந்தால், மொத்த நடை மிகக் குறையும் இடம் அதுவே. பிரான்சு நாட்டு வாரிஞோன் பெயரால் வழங்கும் இக்கருவியை, 1909-இல் தொழிற்சாலைகளின் அமைவிடம் பற்றி ஆல்ஃபிரடு வேபர் எழுதிய செருமானிய நூலும் எடுத்தாண்டுள்ளது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். கூட்டத்தில் வைத்துக் காட்டினால் நூறு பக்க அறிக்கையைவிட விளங்கும் என்பது என் எண்ணம்.

இந்த அளவுகோல்களுடன் மதுரையைப் பார்ப்போம். மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு, ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர் தாங்கிய வீதிகள் ஒன்றை ஒன்று சூழ அமைந்த நகர் அது. சுவாமி புறப்பாடும் தேரோட்டமும் அவ்வீதிகளின் குறிக்கோள். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பெற்று, வெளி வீதிகள் தோன்றின. தேருக்கு வகுத்த வீதிகளில் பிற்காலத்தில் பேருந்தும் சுமைவண்டியும் நுழைந்தபோது நெரிசல் நேர்ந்ததில் வியப்பில்லை. ஒரு குறிக்கோளுக்குச் சிறந்த அமைப்பு வேறொரு குறிக்கோளுக்கும் சிறந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லையன்றோ?

நெரிசலுக்கு விடையாக 1999-இல் வடகிழக்கே மாட்டுத்தாவணியில் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் திறக்கப்பெற்றது. ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை கூடிய இடம் என்பதைப் பெயரே கூறும். தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் போன்ற மேற்கு, வடமேற்குத் தடங்கள் ஆரப்பாளையத்தில் நின்றன. ஒரே மையத்துக்குப் பதிலாக இரு மையங்கள் வைத்து மொத்தத் தொலைவைக் குறைக்கும் வழி இது. கணிதருக்கு நன்கு பழக்கமானது. நெடுந்தொலைவுப் பேருந்துகள் நகரின் நெஞ்சை ஊடுருவாமல் வெளியே நின்றதால் விளைந்த நன்மை சிறிதன்று. ஆயின் யாருடைய தொலைவைக் குறைத்தோம் என்றும் கேட்க வேண்டும். நெடுந்தொலைவுப் பேருந்தின் தொலைவு குறைந்தது. தென்புறச் சிற்றூரிலிருந்து பழைய நகருக்கு வந்து, அங்கிருந்து மாட்டுத்தாவணிக்கு மற்றொரு பேருந்து ஏறி, அதன்பின் வெளியூர் செல்ல வேண்டியவருக்கோ ஒரு மாறுதல் கூடிற்று. பேருந்துக் கிலோமீட்டரை எண்ணுவோர்க்கு இது தெரியாது; பயணியின் நேரத்தை எண்ணினால்தான் தெரியும்.

நேரத்தைக் கணக்கில் சேர்ப்பது இப்போது முன்னினும் முதன்மையானது. 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அரசு நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அவர்களைப் பொறுத்தவரை பயணச் செலவு சுழியம் என்று ஒரு கணக்காளர் எழுதிவிடக்கூடும். விடியுமுன் பூக்கூடையுடன் சாலையோரத்தில் நிற்கும் பெண்ணுக்குச் செலவு சுழியமாகிவிடவில்லை. காத்திருக்கும் அரைமணியில் மல்லிகையின் விலை இறங்கிக்கொண்டிருக்கின்றது.

இடம் தேர்தல் நன்கு அமைந்ததற்கும் மதுரையிலேயே சான்று உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பெற்றது. நகரின் ஓரத்தில் நிலம் மலிவாகக் கிடைத்திருக்கும். ஆயினும் வாங்குவோர் நடந்தே வரத்தக்க குடியிருப்புகளின் நடுவே அது வைக்கப்பெற்றது. உழவரின் நெடும்பயணத்தை ஈடுசெய்ய, விளைபொருளை அரசுப் பேருந்தில் சுமைக்கட்டணமின்றி ஏற்றிச் செல்லும் வசதி சேர்க்கப்பெற்றது. சந்தையை ஒரு பக்கத்தாருக்கு அருகில் வைத்து, மறுபக்கத்தாரின் தொலைவை வேறொரு வழியில் குறைத்தது நல்ல ஏற்பாடு. இடம் ஒன்றை மட்டுமே பிடித்துக்கொண்டு வாதிடும் நம் கூட்டங்கள் இதனைக் கருத வேண்டும்.

இதுவரை குறிக்கோளைப் பற்றியே பேசினோம். கட்டுப்பாட்டை மறந்தால் நேரும் தீங்கு அதனினும் பெரிது.

நகருக்கு ஒரு பொதுக் கட்டடம் வேண்டும். நிலம் பரந்ததாக இருக்க வேண்டும். சாலையருகே இருக்க வேண்டும். நிலத்துக்கு விலை கொடுக்கலாகாது. இம்மூன்றையும் கணினியிடம் கூறி இடம் கேட்டால், அது தயங்காமல் ஒரு கண்மாயைக் காட்டும். பரந்த நிலம், அரசு நிலம், ஆண்டில் பல மாதம் வறண்ட நிலம், குடியிருப்போர் இல்லாத நிலம். படத்தில் பார்த்தால் அதனினும் பொருத்தமான இடம் எது? கணினியைக் குறைகூறிப் பயனில்லை. கணினி பிறக்குமுன் மனிதர் கையால் போட்ட கணக்கும் இதே விடையைத்தான் தந்தது. தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம் என்று மதுரையில் இன்று தெருவும் வீடுமாக உள்ள பகுதிகளின் பெயர்களைக் கேட்டாலே போதும். மாநகராட்சித் தலைமையகம் நிற்பது தல்லாகுளத்தில். 2004-இல் தொடங்கப்பெற்ற உயர்நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரியில்.

கண்மாய் தனியே நிற்கும் பள்ளமன்று. மேற்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால், கீழ்க்கண்மாய்க்கு அது வரத்துநீர். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், மேலே உள்ளவருக்கு வெள்ளம். கீழே உள்ளவருக்கு வறட்சி. ஓர் எளிய பெருக்கல் போதும். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிற்கும் நீர் ஒரு கோடி லிட்டர். பத்து ஹெக்டேர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்து, அது முழுவதும் வழிந்தோடி வந்தாலும் அந்த ஒரு ஹெக்டேர் கண்மாய் தாங்கிக்கொள்ளும். கண்மாய் தூர்க்கப்பெற்றால், அந்த ஒரு கோடி லிட்டர் எங்கேனும் போயாக வேண்டும். 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று மதுரையில் பெய்த பெருமழையில், செல்லூர் கண்மாயையும் பந்தல்குடி வாய்க்காலையும் ஒட்டிய பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இருந்த கண்மாய்க்கும் அதன் போக்குக் காலுக்குமே அன்று கொள்ளளவு போதவில்லை.

நூறாண்டுக்கு முன்பே இதனை உணர்ந்தவர் ஒருவர் மதுரைக்கு வந்திருந்தார். நகர அமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914-இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாண நகரங்கள் சிலவற்றை நேரில் நடந்து ஆராய்ந்து 1915-இல் அறிக்கைகள் அளித்தார். அவற்றுள் மதுரையும் ஒன்று. முதலில் ஊரை ஆராய்க, பின்னர்த் திட்டமிடுக என்பது அவர் கொள்கை. மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கும் வழக்கத்தை எதிர்த்து, கொசுவுக்கு மீனும் வாத்தும் விட்டால் போதும் என இந்திய நகரங்களைப் பற்றிய தம் எழுத்துகளில் அவர் வாதிட்டார். அவர் காலத்தில் நேரியல் திட்டமிடல் இல்லை. ஆயினும் எதனைக் கட்டுப்பாடாக எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கண்மாயைக் கட்டுப்பாடாக எழுதிவிட்டால் கணிதம் ஓர் அரிய உதவியைச் செய்யும். கற்பனையாக, கண்மாய் நிலத்தில் கட்டினால் 40 லட்சம், தனியார் நிலம் வாங்கிக் கட்டினால் 65 லட்சம் ஆகும் எனக் கொள்வோம். கண்மாய் கூடாது என்று எழுதியவுடன் கணக்கு இரண்டாவது இடத்தைக் காட்டும்; அத்துடன் இக்கட்டுப்பாட்டின் விலை 25 லட்சம் என்றும் சொல்லும். கணிதர் இதனை ஒத்த ஒன்றை நிழல் விலை என்பர். கடையில் எவரும் கேட்காத, கொடுக்காத விலை. ஆனால் முடிவெடுப்போர் அறிந்தே தீர வேண்டிய விலை. 25 லட்சத்துக்கு அஞ்சிக் கண்மாயை விடுவதா, கண்மாயின் பாசனமும் கிணற்று ஊற்றும் வெள்ளக் காப்பும் அதனினும் பெரியவையா என்று அப்போது வெளிப்படையாகப் பேசலாம். முன்பெல்லாம் கண்மாயின் விலை சுழியம் என்று பேசாமலே ஒப்புக்கொண்டதால்தான் அப்பேச்சு எழவில்லை. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தபின் இக்கட்டுப்பாடு நம் விருப்பத்தைப் பொறுத்ததும் அன்று. நகர எல்லை விரியும் திசையில் உள்ள ஒன்றியங்களின் அலுவலர்கள், தம் கண்மாய்களும் வரத்துக் கால்களும் புல எண்ணுடன் திட்டப் படத்தில் ஏறியுள்ளனவா என்று நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். வரத்துக் கால் பெரும்பாலும் படத்திலிருந்து முதலில் மறைவது. கண்மாய் பிழைத்துக் கால் அழிந்தால் அக்கண்மாய் ஒரு விளையாட்டுத் திடலே.

தொலைவை அளக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். கணினிக்குப் பெரும்பாலும் நேர்கோட்டுத் தொலைவு ஊட்டப்படுகின்றது. வைகையின் இரு கரைகளிலும் எதிரெதிரே உள்ள இரு சிற்றூர்களுக்கு நேர்கோட்டுத் தொலைவு அரைக் கிலோமீட்டராக இருக்கலாம். பாலம் வழியே சுற்றினால் பல கிலோமீட்டர். மதுரை நகரிலேயே 1889-இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பெறும்வரை, ஆற்றில் நீர் வரும் நாளில் தென்கரையும் வடகரையும் வேறு வேறு ஊர்களே. தரைப்பாலங்களை நம்பியுள்ள ஊர்களுக்கு அந்நிலை இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. தொடர்வண்டிக் கடவுப்பாதை, தனியார் வேலி, மாலையில் பெண்கள் நடக்க அஞ்சும் கருவேலங்காட்டு வழி ஆகிய இவை எதுவும் செயற்கைக்கோள் படத்தில் தெரியா. இவற்றை எழுதித் தர வல்லவர் ஊரார் மட்டுமே. ஆதலால், எந்தத் தொலைவும் மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை என நடந்தே அளக்கப்பெற வேண்டும். நம் ஊராட்சிச் செயலர்களுக்கு இது கூடுதல் சுமை என்பதை நான் மறுக்கவில்லை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகின்றது. இடம் தேர்தல் பற்றிய தீர்மானம் வரும் கூட்டத்துக்கு ஒரே ஒரு தாள் போதும். இடப்புறத்தில் குடியிருப்புகளின் பெயர்களும் குடும்ப எண்ணிக்கையும். நடுவில் நடந்து அளந்த தொலைவுகள். வலப்புறத்தில் மூன்று விடைகள், அதாவது மொத்த நடை குறையும் இடம், கடைக்கோடியாரின் நடை குறையும் இடம், கண்மாய், ஓடை, மேய்ச்சல் நிலங்களை விலக்கியபின் கிடைக்கும் இடம். ஒவ்வொன்றின் கீழும், அதனைத் தேர்ந்தால் யாருக்கு எவ்வளவு கூடும் என்ற எண்ணையும் எழுதிவிட வேண்டும். நான் பணிபுரியும் ஒன்றியத்தில் சில ஊராட்சிகளில் இவ்வாறு எழுதத் தொடங்கியுள்ளோம். வாதம் குறைந்துவிடவில்லை, ஆனால் எவர் பக்கம் என்பதிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு அது இடம் மாறியிருக்கின்றது. நவம்பர் 1 அன்று கூடும் சபையில் ஒரு பால் கொள்முதல் நிலையத்துக்கான தாள் வைக்கப்பெற உள்ளது. மூன்று விடைகளும் மூன்று வெவ்வேறு குடியிருப்புகளைக் காட்டுகின்றன.